சாயம் குடிக்காத வரிகள்

அண்ணாச்சி,

உங்கள் மேசை இப்போது என் வீட்டு வராந்தாவில் கிடக்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கறுப்பாக வருகிறது. தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நாற்றம் பழகியதுதான். அரக்கு கரைகிற நாற்றம் அடங்குகிற வரைக்கும் பொறுத்தால், அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை எழும்பும். கடுக்காயை உடைத்தது போலத் துவர்ப்பாக, கொஞ்சம் புளித்தாற்போல. ஓக் மரத்தின் சொந்த வாசனை அது. இன்று காலை அது வந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது உங்களோடு பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. பாதியில் எழுந்து உள்ளே போய்விட மாட்டீர்கள்.

தை மாதம் நீங்கள் போனபோது சுடுகாட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே வரவில்லை. இத்தனை வருடம் முகம் பார்க்காத ஆள், முகத்தை மூடிக்கொண்ட பிறகு வந்து பார்த்தால் அது உங்களுக்கும் மரியாதையில்லை, எனக்கும் மரியாதையில்லை. எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புகை வந்தது. வீட்டுக்குத் திரும்பினேன்.

கல்கத்தா டாலிகஞ்சில் அப்பளமும் காப்பித்தூளும் விற்ற உங்களுக்கும், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சரக்கு ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த எனக்கும் என்ன ஒட்டு என்று அப்போது நம் ஆட்களே கேட்டார்கள். ஊர் ஒன்று என்பதைத் தவிர ஒட்டு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஒட்டு. கல்யாணம் செய்துகொள்ளாத எனக்கு அன்று மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில். மதினி இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம், மதினி போன பிறகும் நிற்கவில்லை. நீங்கள் சோறு வடிப்பீர்கள், நான் காய் நறுக்குவேன், அப்போது சின்னப் பெண்ணான உங்கள் மகள் கோமதி மூன்று இலையைக் கழுவி வைப்பாள்.

மரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யார்டில் கழித்துப் போட்ட துரைமார் பயணம் செய்த பழைய சலூன் ரயில் பெட்டி ஒன்றின் உள்பலகையைச் சுரண்டிப் பார்த்துத்தான் ஓக் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். சுரண்டினேன், கெடுத்தேன், மறுபடி சுரண்டினேன். அவ்வளவுதான் என் படிப்பு. அதை நீங்கள் பரிகாசம் செய்யாத நாள் கிடையாது. சீமைக்குத் திரும்பிப் போன துரைமார்களின் சாமான்களை ஏலம் விடுகிற கூடத்துக்கு என்னோடு வந்து, நான் ஒரு மேசையின் அடியில் தலையை விட்டு முகர்ந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தின் நடுவில் உரக்கச் சொன்னீர்கள்:

"என்னவே, மேசைய மோந்து பாக்கீரு? சாம்பாருக்கா வாங்கப் போறோம்?"

"ஓக்கு, அண்ணாச்சி. சரியான அறுப்பு."

"பொண்டாட்டி இல்லாத ஆளு மரத்தக் கட்டிக்கிட்டு அழுதீரு. சரி, வாங்கித் தொலைப்போம். கோமதி தரையில குனிஞ்சு எழுதி எழுதிக் கூனு விழுந்திரும்."

அப்படித்தான் அந்த மேசை உங்கள் வீட்டுக்கு வந்தது. துரைமார் போட்டிருந்த பழைய மெருகைச் சுரண்டி எடுக்க மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அடியில் இருந்தது வெளுத்த தேன் நிறத்து மரம். அதன் மேல் குறுக்கே குறுக்கே வெள்ளி வரிகள், சில நாடா போல நீளமாக, சில மீன் செதில் போலச் சின்னதாக. நீங்கள் கைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "யாரோ பெயிண்ட சிந்திருக்கான்வே" என்றீர்கள்.

சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து குறுக்கே அறுத்துக் காட்டினேன். நடுவிலிருந்து தோலுக்கு ஓடுகிற கோடுகளைப் பாருங்கள், ஓக் மரத்துக்குள்ளும் இப்படித்தான், வயிரத்திலிருந்து பட்டைக்கு மெல்லிய நாடாக்கள் ஓடும் என்றேன். எல்லா மரத்திலும் அது உண்டு. ஆனால் ஓக்கில்தான் கண்ணுக்குத் தெரிகிற அகலம். ரம்பம் அந்த நாடாவின் போக்கிலேயே போனால் நாடா பலகையின் முகத்தில் படுத்துக்கொண்டு மின்னும். வேறு பக்கமாக அறுத்தால் வெறும் கீறல் கீறலாக நின்றுவிடும். இது கறை இல்லை, நோயும் இல்லை, மரம் பிறந்ததே இப்படி என்றேன். நீங்கள் அந்த எலுமிச்சையைப் பிழிந்து சர்பத் போட்டுக் குடித்துவிட்டீர்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் லோட்ஷெட்டிங், கரண்டு இல்லை. அரிக்கன் விளக்கைக் கோமதி மேசையின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தாள். வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் வரிகள் அத்தனையும் எழுந்துகொண்டன. விளக்கை நகர்த்தினால் அவையும் நகர்ந்தன. நீங்கள் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தீர்கள். "அடேயப்பா" என்றீர்கள்.  உங்கள் வாயிலிருந்து மரத்துக்கு நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

கோமதியின் இடது முழங்கையில் அந்த வெண்புள்ளி அப்போதே இருந்தது. காசு அளவில் தொடங்கி மணிக்கட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள், களிம்பு கொடுத்தார்கள், வலியில்லை, தொற்றாது, விட்டுவிடுங்கள் என்றார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் அவள் தன் கையை மேசை மேல் வைத்து, வரிகளுக்குப் பக்கத்தில் நீட்டி, "மாமா, பாருங்க, இதுவும் என்ன மாதிரியே" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். "ஆமாட்டி, ரெண்டும் சீமைச் சரக்கு" என்றீர்கள். நீங்கள் சொன்னதுதான் அண்ணாச்சி. பின்னால் அதை மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை.

உங்களுக்கு வெற்றிலை இல்லாமல் பேச்சு வராது. மிச்சச் சுண்ணாம்பை விரலிலிருந்து மேசையின் விளிம்புக்கு அடியில் தடவுவீர்கள். ஊரில் தூணில் தடவின பழக்கம். அதில் எனக்கும் உங்களுக்கும் வாராவாரம் சண்டை.

"அங்க தடவாதீங்க அண்ணாச்சி. பாக்குல சுண்ணாம்பு பட்டா வாய் செவக்குல்லா, அது மாதிரி இந்த மரத்துக்குள்ள துவர்ப்பு இருக்கு. சுண்ணாம்பு பட்டா கறுத்துப் போவும். மேல பூசின சாயம் மாதிரி தொடச்சா போவாது."

"அடியிலதானவே. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

அப்படி ஒன்பது பத்து வருடம் போயிற்று. கோமதி காலேஜ் முடித்தாள். துர்காபூரில் வேலை பார்க்கிற ஒரு நம் ஊர்ப் பையனுக்குப் பேசினார்கள். முதலில் பையனின் தாய்மாமன் மட்டும் வந்தார். நானும் இருந்தேன். பேச்சு எல்லாம் நன்றாகத்தான் போனது. காப்பி குடித்துவிட்டு டம்ளரை வைத்தவர், மேசையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, மேசைக்கு வெள்ளத் தேமலா? நல்ல வைத்தியனாப் பாத்துக் காட்டக் கூடாதா?"

அவர் வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. கோமதி அவர் முன்னால் வரக்கூட இல்லை. ஆனால் உங்கள் முகத்தை நான் பார்த்தேன். கடன்காரன் முன்னால் நிற்கிறவன் போல ஆகிவிட்டது. அவரை டிராம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்:

"மேசைக்கு கறுப்பு அடிக்கணும். கருங்காலி மாதிரி இருக்கணும். அவிய எல்லாரும் வாரதுக்குள்ள."

"முடியாது" என்றேன்.

"என் மேசைவே."

"உங்க மேசைதான். என் கை அதுல சாயம் தொடாது. அண்ணாச்சி, மேசைய விடுங்க. பிள்ளையப் பத்தி அவியகிட்ட முதல்லயே சொல்லிருங்க. சொன்னதுக்கப்புறம் வாரவன் வரட்டும்."

"நீர் மரத்தப் பத்திப் பேசும். பிள்ளையப் பத்திப் பேசாதீரும். பெத்தவன் நான்."

"வளத்த சோத்துல நானும் காய் நறுக்கிருக்கேன்."

"நறுக்கினீரு, தின்னீரு. கணக்கு சரியாப் போச்சு."

கோமதி உள்ளறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. இரண்டு பேருமே குரலைத் தாழ்த்தவில்லை.

கரியாஹாட்டிலிருந்து மரவேலை செய்கிற ஒரு மிஸ்திரியைக் கூட்டிவந்தீர்கள். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் தேக்கிலும் சால் மரத்திலும் பழகினவன். கறுப்புப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசினான். மறுநாள் மாலை நான் வந்து பார்த்தபோது நீங்கள் மேசை முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு முன்னமே தெரிந்ததுதான் நடந்திருந்தது. ஓக்கின் மற்ற சதை திறந்த துளைகளோடு சாயத்தைக் குடிக்கும். அந்த நாடாக்கள் இறுக்கமானவை, குடிக்காது. மற்றதெல்லாம் கறுத்துவிட்டது, வரிகள் மட்டும் கறுக்கவில்லை. தேன் நிறத்தில் வெள்ளியாக இருந்தவை இப்போது கறுப்பின் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. முன்னால் பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். இப்போது வாசலிலிருந்தே தெரிந்தது.

நான் சிரித்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

"ஹோபே தாதா, ஹோபே, எல்லாம் சரியாகும்" என்றான் மிஸ்திரி. அரக்கிலேயே விளக்குக் கரியைக் குழைத்துக் கை மேல் கையாக ஏற்றினான். கடைசியில் வரி போயிற்று. வரியோடு மரமும் போயிற்று. தார் ரோட்டைத் துண்டு வெட்டிக் கால் வைத்தது போல ஆயிற்று உங்கள் மேசை. உங்களுக்குத் திருப்தி.

பெண் பார்க்க வந்த அன்று என்னை வரவேண்டாம் என்றீர்கள். "நீர் வந்தா வாயத் தொறப்பீரு" என்றீர்கள். வைகாசி வெயிலில் கோமதிக்கு மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. பையனின் தாயார் கேட்டதற்கு, கல்கத்தாவில் இப்போது இதுதான் ஃபேஷன் என்று சொன்னீர்களாம். அடுத்த மாதமே நடந்த கல்யாணத்துக்கும் எனக்குச் சொல்லவில்லை. அன்று நான் யார்டில் ஓவர்டைம் பார்த்தேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் கோமதி ஹௌராவில் ரயிலிலிருந்து இறங்கினாள். கூட யாருமில்லை, ஒரு டிரங்குப் பெட்டி மட்டும்; ஆடிச் சீருக்கு வந்தவள் இல்லை, திருப்பி அனுப்பப்பட்டவள். அவள் வந்தது எனக்கு உங்கள் பக்கத்துக் கடைக்காரர் மூலம்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் கடைக்கு வந்தேன். நீங்கள் அப்பளக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிராமல் கேட்டீர்கள்:

"சந்தோஷமாவே? சொல்லிட்டீரா அவியகிட்ட?"

கடையில் நாலு பேர் நின்றார்கள்.  திரும்பி நடந்து டிராம் ஏறிவிட்டேன்.

நான் அவர்களிடம் சொல்லவில்லை, அண்ணாச்சி. துர்காபூரில் அவர்கள் வீடு எந்தத் தெருவில் என்றுகூட எனக்குத் தெரியாது. இதை அன்றே சொல்லியிருக்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். ஏன் சொல்ல வேண்டும்? மதினி காலத்திலிருந்து உங்கள் இலையில் சாப்பிட்டவன் நான். செய்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை. செய்துவிட்டாய் என்று முடிவு கட்டிவிட்டுச் சந்தோஷமா என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் கிடையாது. இவ்வளவு யோசிக்கிற நீங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. முழுக்கை ரவிக்கை மணவறை வரைக்கும்தான் காப்பாற்றும். அதற்கப்புறம் புருஷனிடம் போய்ச் சொல்ல மூன்றாவது ஆள் எதற்கு?

அதோடு முடிந்தது. டாலிகஞ்சில் மெட்ரோ தோண்டினார்கள், உங்கள் தெரு வருடக்கணக்காகச் சேறும் தகரத் தடுப்புமாகக் கிடந்தது, பிறகு ரயிலும் ஓடியது. நான் ஓய்வு பெற்றேன். உங்கள் கடை ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருந்தும் ஒருநாள் நான் அந்த வாசலில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கரியாஹாட் ஹோட்டலில் சாப்பிட்டேன். அங்கே சாம்பாரில் வெல்லம் போடுவார்கள்.

சென்ற மாதம் ஒரு தட்டு வண்டிக்காரன் மேசையைக் கொண்டுவந்து இறக்கினான். பின்னாலேயே ரிக்‌ஷாவில் கோமதி. அவளுக்கு இப்போது முன்நெற்றியில் நரை. பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். சாதாரண அரைக்கை ரவிக்கை. இரண்டு கைகளிலும் வெண்மை விரல் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை மறைக்கிற எண்ணம் அவளிடம் எங்கேயும் தெரியவில்லை.

"அப்பா சொன்னாவ மாமா. மேசைய அவருக்குக் குடுத்திருன்னு. கடைசி வாரம், பேச்சு இருக்கும்போதே."

"வேற என்ன சொன்னாவ?"

"அவ்வளவுதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இது என்ன, மன்னிப்பா, குப்பை கழிக்கிறதா? ஒரு வாக்கியம் கூடச் சேர்த்துச் சொல்ல முடியாதா? மேசையை வராந்தாவிலேயே போட்டேன். ஒரு மழைக்கு ஓலையைக்கூடப் போட்டு மூடவில்லை. ஓரத்தில் அரக்கு வெளிறி உரிய ஆரம்பித்தது. அப்போது அதற்கு அடியில் ஒரு வரி தெரிந்தது. அதற்கு மேல் என் கை கேட்கவில்லை. ஸ்பிரிட் வாங்கப் போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, அந்த வெள்ளை மட்டும் ஒரே தொடைப்புல வந்திருச்சே?"

"அது முதல்லயும் குடிக்கல. கறுப்பு அது மேல உக்காந்திருந்தது, அவ்வளவுதான். மத்த எடந்தான் கஷ்டம். துளைக்குள்ள போன கரி முழுசா வராது."

அவள் துணியை என் கையிலிருந்து வாங்கித் தானும் தேய்த்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நாந்தான் மாமா சொன்னேன்."

"எத?"

"துர்காபூர்ல. ரெண்டாம் நாள் காலையில அவுக அம்மா முன்னால ரவிக்கைக் கைய மடிச்சு விட்டேன். வேர்த்து வேர்த்து சிரங்கே வந்திருச்சு அந்தக் கைக்குள்ள. பாத்துக்கங்கன்னு சொன்னேன். ஆடி வரைக்கும் வச்சிருந்து அனுப்பிட்டாவ."

"அப்பாட்ட சொன்னியா?"

"அப்ப சொல்லல. நானே கெடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாவ. நீங்க சொன்னதா நினைச்சாவ. நினைச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன். மாமா தாங்குவாருன்னு."

துணி கறுத்துவிட்டது. வேறு துணி எடுத்துக் கொடுத்தேன்.

"எப்ப சொன்ன?"

"மார்கழி கடைசியில. ஆஸ்பத்திரியில.  மூணு நாள் சுவரப் பாத்துப் படுத்திருந்தாவ. அப்புறம் மேசையச் சொன்னாவ."

"தாங்குவாருன்னு நீ முடிவு பண்ணிட்ட" என்றேன்.

"தூர் மாமா, போங்க" என்று வங்காளிப் பெண்கள் போல உதட்டைச் சுழித்தாள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாங்கலியா?"

 அவள் மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவள் கையை மடித்துக் காட்டிய அந்தக் காலையில் பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்றுதான் அன்று முழுவதும் தோன்றிக்கொண்டிருந்தது. உங்கள் மேல் உள்ள கோபமோ அப்படியே இருக்கிறது. உங்களுக்கு மூன்று நாள் கிடைத்தது. சாந்த்ராகாச்சி சீமையில் இல்லை. ஓர் ஆளை அனுப்பியிருந்தால் வந்திருப்பேன். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, சந்தோஷமா என்று நானும் ஒரு தடவை கேட்டிருப்பேன். நீங்கள் திட்டியிருப்பீர்கள். அதோடு தீர்ந்திருக்கும்.

இன்று மேசையைக் கவிழ்த்துப் போட்டேன். மிஸ்திரி அடியில் சாயம் பூசவில்லை. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று அவனும் விட்டிருக்கிறான். அடிமரம் அதே தேன் நிறத்தில் இருக்கிறது. நீங்கள் உட்காருகிற பக்கத்து விளிம்பின் உள்பக்கமாக, வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாக, விரல் அகலத்தில் கறுப்புத் தீற்றல்கள். சுண்ணாம்பு எப்போதோ உதிர்ந்துவிட்டது. மரத்துக்குள் இருந்த துவர்ப்புதான் கறுத்து நிற்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அசையாது என்று உங்களுக்கு வாராவாரம் சொன்னவனே நான்தான். இழைப்புளி போட்டுச் சீவினால் போகும்.

இழைப்புளி அலமாரியில் இருக்கிறது. எடுக்கவில்லை.

மேல் பக்கம் இன்னும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். துளைகளில் கொஞ்சம் கரி நிற்கும், அது என் கையால் ஆகிற காரியமில்லை. சாயம் எதுவும் போடமாட்டேன், வெறும் மெழுகுதான். கோமதி இனி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாள். காய் நான் நறுக்குவேன், சோறு அவள் வடிப்பாள், உங்களைவிட நன்றாகவே வடிக்கிறாள். அவளுக்கு ஜன்னல் பக்கம், எனக்கு எதிர்ப்பக்கம். யாராவது வந்து நீங்கள் உட்கார்ந்த அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்தால், இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால் அங்கே மேசைக் கால் இடிக்கும் என்பேன்.

நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணாச்சி.